பற்றா, ஒற்றடமா, எண்ணெயா, களிம்பா: வீட்டில் செய்யும் புற மருந்துக்கு ஏற்ற வடிவம் எது?

குப்பைமேனி வேலியோரத்தில் தானாக முளைத்து நிற்கிறது. நொச்சி வாய்க்கால் கரையில் கேட்பாரின்றி வளர்கிறது. எந்த இலை எதற்கு ஆகும் என்று சொல்லப் பல குடும்பங்களில் யாரேனும் ஒருவர் இன்னும் இருக்கிறார். ஆனால் பறித்து வந்த இலையை அரைத்து அப்படியே பூசுவதா, வெந்நீரில் போட்டுக் கழுவுவதா, எண்ணெயில் காய்ச்சி வைப்பதா, மெழுகு சேர்த்துக் களிம்பாக்குவதா என்று கேட்டால், அவரவர் வீட்டு வழக்கம் விடையாக வருகிறதே தவிர, ஏன் அந்த வடிவம் என்பதற்குக் காரணம் வருவதில்லை. சித்த மருத்துவம் அக மருந்து 32 வகை, புற மருந்து 32 வகை என்று பகுக்கிறது. புற மருந்துகளில் அட்டை விடல், சூடு போடும் சுட்டிகை, அறுவை போன்றவை மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை. அவற்றைக் கழித்து, வீட்டு அடுப்படிக்கு ஒத்துவருவன எவை என்று பார்த்தால் பற்று, ஒற்றடம், வேது (ஆவி பிடித்தல்), கழுவுநீர், எண்ணெய்ப் பூச்சு, களிம்பு என ஐந்தாறுதான் மிஞ்சுகின்றன. அவற்றுள் எதை எப்போது செய்வது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், கொசுக்கடியால் கால் முழுவதும் சொறிந்துகொண்டிருந்த பிள்ளைக்காக முதன்முதலாகக் குப்பைமேனி எண்ணெய் செய்தேன். இலையைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட இடித்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் திணித்து, அது மூழ்கும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிச் சமையலறை அலமாரியில் வைத்தேன். பத்தாம் நாள் திறந்தபோது புளித்த மாவின் வாடை முகத்தில் அடித்தது. குப்பியின் அடியில் கலங்கிய பச்சை நீர் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேங்கியிருந்தது; எண்ணெய்க்கு மேலே தலைநீட்டிய இலைத் துணுக்குகளில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. இலையிலும் குறையில்லை, எண்ணெயிலும் குறையில்லை. இலைக்குள் இருந்த தண்ணீரைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. பச்சை இலையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அன்றிலிருந்து எந்த வடிவத்தைப் பற்றி யோசித்தாலும், இதில் நீர் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை நாள் உள்ளே கிடக்கப்போகிறது என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

சித்த மருத்துவ நூல்கள் இதை மருந்தின் ஆயுள் என்று குறிக்கின்றன. சாறு, குடிநீர் எனப்படும் கஷாயம், கற்கம் எனப்படும் அரைத்த விழுது ஆகியவற்றுக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். எண்ணெய்க்கு 1 ஆண்டு. நுண்ணுயிர் என்ற கருத்தே தோன்றாத காலத்துக் கணக்கு இது. எனினும் நீர் நிறைந்தது அன்றே கெடும், உலர்ந்தது சில மாதம் தாங்கும், நீர் வற்றக் காய்ச்சிய எண்ணெய் அதைவிட நெடுநாள் தாங்கும் என்ற வரிசை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் அளவுகோல் தோலின் நிலை. கசியும் தோலுக்கு நீர், காய்ந்த தோலுக்கு நெய்ப்பு என்பது தோல் மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. நீர் வடியும் கரப்பானில் (எக்சிமா) எண்ணெயைத் தடவினால் கசிவு அடைபட்டு ஊறலும் நமைச்சலும் கூடும். வெடித்த குதிகாலை இலைக் கொதிநீரில் மீண்டும் மீண்டும் கழுவினால் வெடிப்பு இன்னும் ஆழமாகும். இலை சரியானதாக இருந்தும் மருந்து பலிக்கவில்லை என்று குறைப்படுவோர் பலரிடம் பிழை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் எளிது பற்று. பாத்திரம், எண்ணெய், காத்திருப்பு எதுவும் வேண்டாம். அரைத்த கையோடு பூசி, பயன் முடிந்ததும் கழுவிவிடுவதால் கெட்டுப்போகும் என்ற கவலையும் இல்லை. சுளுக்குக்குப் போடும் புளிப் பற்றை எடுத்துக்கொள்வோம். எலுமிச்சை அளவு பழம்புளியை மிகக் குறைந்த நீரில் கெட்டியாகக் கரைத்து, கோது நீக்கி, ஒரு கைப்பிடிக் கல்லுப்புச் சேர்த்துச் சிறு கரண்டியில் கொதிக்கவிட்டால், சிறிது நேரத்தில் அது கூழ்போல் தளதளவென்று குமிழிவிடும். பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கணுக்காலில் பூசினால், காயக் காயத் தோலை இழுத்துப் பிடிப்பது நன்றாகத் தெரியும். அதன் பயனில் பெரும்பகுதி சூட்டாலும், காய்ந்து இறுகி மூட்டை அசையவிடாமல் வைப்பதாலும் வருகிறது என்பதே என் எண்ணம். அதனால் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. ஆனால் சுளுக்கிய முதல் நாள், வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது சூடான பற்றைப் போடக் கூடாது. அன்றைக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியும் ஓய்வுமே சரி. பற்று இரண்டு நாள் கழித்து வரலாம். கால் ஊன்றவே முடியவில்லை என்றால் பற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

பச்சிலைப் பற்றில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். குப்பைமேனி, மஞ்சள், உப்பு மூன்றையும் அரைத்துப் பூசுவது நமைச்சலுக்கு வழக்கமான கைமருந்து. காலையில் மிளகாய்ச் சட்னி அரைத்த மிக்சி ஜாரிலேயே அதையும் அரைத்துவிட்டு, மருந்து எரிகிறதென்றால் வேலை செய்கிறதென்று பொருள் என்று பிள்ளையைச் சமாதானப்படுத்துவோரைப் பார்த்திருக்கிறேன். எரிந்தது மூலிகை அன்று, மிளகாய். பற்றுக்கென்று ஒரு சிறு கல்வத்தைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. தோலில் விட்டுவைக்கும் நேரமும் முக்கியம்: அரை மணிக்குள் கழுவிவிடலாம், இரவு முழுவதும் கட்டி வைத்தால் தோல் ஊறிப் புண்ணாக வாய்ப்புண்டு. கடுகுப் பற்றும் சுண்ணாம்பு மிகுந்த மஞ்சள் பற்றும் கொப்புளமே கிளப்பிவிடும். திறந்த காயத்தில் பச்சிலையை அரைத்து வைப்பது ஊர்ப்பக்கம் இன்றும் நடக்கிறது. தரையோடு வளரும் செடியின் இலையில் ஒட்டிய மண்ணில் டெட்டனஸ் எனும் இசிவு நோய்க் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால், அந்த ஒரு பயன்பாட்டை மட்டும் நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். தீக்காயமும் அப்படியே. 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் பிடிப்பதுதான் முதல் மருந்து. மஞ்சளோ மாவோ எண்ணெயோ அதற்கு முன் அதன்மேல் படக் கூடாது.

ஒற்றடம், வேது, கழுவுநீர் மூன்றும் சூட்டையும் நீரையும் நம்பியவை. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து இடுப்பில் ஒற்றுவதும், தவிட்டையோ உப்பையோ வறுத்துப் பொட்டணம் கட்டுவதும் தசைப்பிடிப்புக்கு உடனே இதம் தருவன. செலவும் மீதமும் இல்லை. கசியும் கரப்பானுக்கும் வேர்க்குருவுக்கும் வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய நீரால் கழுவுவது எண்ணெயை விடப் பொருத்தம். அந்த நீரை மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது என்பதைச் சாமக் கணக்கே சொல்லிவிடுகிறது. இந்த வகையில் இடர் முழுவதும் சூட்டில் இருக்கிறது. நீரிழிவால் பாதத்தில் உணர்வு மங்கியவர்களுக்குக் காலில் சூட்டு ஒற்றடம் கொடுத்தால், வெந்தது தெரியாமலே புண்ணாகிவிடும். போர்வைக்குள் கொதிபானையை வைத்துக் குழந்தைக்கு வேது பிடிப்பதை, அது எவ்வளவு பழைய வழக்கமாக இருந்தாலும், கைவிடலாம். பானை ஒருமுறை கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய துன்பம் வந்து சேரும்.

எண்ணெய்தான் இவற்றுள் மிகுந்த யோசனையைக் கேட்பது. எந்த எண்ணெய், எந்த முறை என இரண்டு முடிவுகளை அது நம்மிடம் கேட்கிறது.

அடிப்படை எண்ணெயாகத் தேங்காய் எண்ணெய்க்குத்தான் என் முதல் வாக்கு. அதன் கொழுப்பில் பெரும்பகுதி செறிவுற்றது ஆகையால் காற்றுப் பட்டுக் காறிப்போவது மெதுவாகவே நடக்கிறது. தோலில் கனமின்றிப் பரவுகிறது. வெயில் நாட்டுக்கு ஏற்றது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவது மட்டும் ஒரு தொல்லை. மார்கழி விடியலிலும் நீலகிரியிலும் குப்பியை வெந்நீரில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நல்லெண்ணெய் உறைவதில்லை, காறலைத் தடுக்கும் பொருள்கள் அதிலேயே இயல்பாக உண்டு, மூட்டிலும் இடுப்பிலும் அழுத்தித் தேய்க்க வேண்டியவற்றுக்கு அதுவே பழைய மரபு. தோல் நோய்க்குரிய பூச்சுக்கு அதன் மணமும் பிசுக்கும் பலருக்குப் பிடிப்பதில்லை. விளக்கெண்ணெய் தனியாகத் தேன்போல் கனத்திருப்பதால் மூலிகையின் சாரத்தை இறக்குவதற்கும் வடிகட்டுவதற்கும் தொந்தரவு. நான்கில் ஒரு பங்காகத் தேங்காய் எண்ணெயோடு கலந்தால் குதிகால் வெடிப்புக்கும் உதட்டுக்கும் மிக நன்றாக நிற்கும். வேப்பெண்ணெயை அடிப்படையாகக் கொள்வதை விட, பத்தில் ஒரு பங்கு சேர்மானமாக வைத்துக்கொள்வது மூக்குக்கும் நல்லது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தக் குப்பி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டியதால் சிசுக்களுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த செய்திகள் நம் நாட்டிலேயே பதிவாகியுள்ளன. சூரியகாந்தி எண்ணெய் விரைவில் காறும். எதுவாயினும், செக்கிலிருந்து புதிதாக வந்த எண்ணெயைச் சில நாள் அசையாமல் வைத்து, கசடும் ஈரமும் அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும்.

முறைகளில் கதிரவன் சூட்டில் செய்வது பார்க்க அழகானது. சித்த நூல்கள் ஆதித்த நெய் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கின்றன. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காளாஞ்சகப்படைக்குப் பூசும் வெட்பாலைத் தைலம். சொரியாசிஸ் என்று சொன்னால் இன்னும் பலருக்கு விளங்கும். வெட்பாலை இலையைக் கையால் கிள்ளி வாயகன்ற கண்ணாடிக் குவளையிலோ பீங்கான் பரணியிலோ இட்டு, மூழ்கத் தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி நல்ல வெயிலில் வைப்பார்கள். சிறிது சிறிதாக எண்ணெயில் ஊதா நிறம் இறங்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் கத்தரிப்பூ நிறத்துக்கும் மேலாகக் கறுத்துவிடும். இந்த மரத்தின் இலையிலிருந்து முன்பு நீலச் சாயம் எடுத்தார்கள் என்பதை அறிந்தால் அந்த நிறம் வியப்பளிக்காது. சன்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடைவதும் இதே மரத்தின் வெண்ணிறக் கட்டையில்தான். வெட்பாலையையும் குடசப்பாலையையும் மாற்றிப் பறித்துவிடுவது அடிக்கடி நேர்வது. எனவே எண்ணெய் நிறம் மாறாவிட்டால் வெயிலைக் குறை சொல்வதற்கு முன் இலையைச் சந்தேகிக்க வேண்டும். மூடியை இறுக்காமல் துணி கட்டுவதில்தான் இம்முறையின் சூட்சுமம் இருக்கிறது: இலையின் நீர் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். என் குப்பைமேனி எண்ணெய்க்கு நான் மறுத்தது அந்த வழியைத்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இம்முறையைத் தொடவே கூடாது. இந்தத் தைலம் செதிலை இளக்கி வறட்சியைத் தணிக்க உதவும். நீடித்த நோயான காளாஞ்சகப்படைக்கு மருத்துவர் கொடுத்துவரும் மருந்தை இதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. தலையணை உறையில் ஊதாக் கறை படியும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தீயில் காய்ச்சுவது விரைவானது. பிழை செய்யவும் இடம் மிகுந்தது. பச்சிலைச் சாறும் எண்ணெயும் சம அளவாக, எடுத்துக்காட்டாக 250 மி.லி. அருகம்புல் சாறும் 250 மி.லி. தேங்காய் எண்ணெயும், கனத்த அடியுள்ள பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரம்பாதபடி ஊற்றிச் சிறு தீயில் வைக்க வேண்டும். முதலில் நுரை பொங்கும். பிறகு நீர் வெடிக்கும் சடசட ஓசை எழும். நெடுநேரம் கழித்து அது மெல்ல ஓயும். காதால் கேட்டுச் செய்யும் வேலை இது. ஓசை ஓய்ந்ததும் அடியில் தங்கிய கசடைக் கரண்டியால் எடுத்து விரலிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். சேறுபோல் ஒட்டினால் இன்னும் நீர் இருக்கிறது. மெழுகுபோல் திரண்டால் பக்கம் வந்துவிட்டது. மணல்போல் நறநறத்தால் வெளிப்பூச்சுக்குரிய பதம். அதற்குமேல் ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசடு கருகி எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும். ஐயம் இருந்தால் கசடு தோய்ந்த திரியைக் கொளுத்திப் பார்ப்பார்கள்: சடசடவென்று வெடிக்காமல் அமைதியாக எரிந்தால் நீர் முற்றிலும் போயிற்று. இந்தப் பதங்களை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. முன்பே காய்ச்சிப் பழகிய ஒருவர் பக்கத்தில் நின்றால் ஒரே தடவையில் கை பிடிபட்டுவிடும். இல்லையென்றால் இரண்டு மூன்று ஈடு கருக வேண்டியிருக்கும். காயும் எண்ணெயில் நீர் தெறிக்கும் வேலை ஆகையால் சிறு பிள்ளைகள் அடுப்படியில் இல்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே, நம் வீடுகளில் அவ்வளவாகப் பழக்கத்தில் இல்லாத, ஆனால் புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு. இலையை நிழலில் உலர்த்தி, விரலால் கசக்கினால் மொறமொறவென்று நொறுங்கும் அளவுக்கு ஈரம் போன பிறகு, 1 பங்கு இலைக்கு 5 பங்கு எண்ணெய் என்ற எடைக் கணக்கில் ஒரு கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்திருப்பது. நீர் கொதிக்க வேண்டியதில்லை. விரல் வைத்தால் எடுத்துவிடத் தோன்றும் சூடு போதும். எண்ணெய் நேரடித் தீயைக் காணாததால் கருகும் அச்சம் இல்லை. நீர் முன்பே போய்விட்டதால் பதம் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. இதற்கும் குறை உண்டு. நொச்சி, துளசி, கற்பூரவள்ளி போன்ற மணமுள்ள இலைகள் உலரும்போது ஆவியாகும் சாரத்தில் ஒரு பகுதியை இழக்கின்றன. உலர்த்தவே நான்கைந்து நாள் பிடிக்கும். வெட்பாலைக்கு இது ஏற்ற வழி அன்று. ஆனாலும் கெட்டுப்போகாத எண்ணெய் முதல் முயற்சியிலேயே கையில் கிடைக்கும் என்ற ஒன்றுக்காக இக்குறைகளைப் பொறுக்கலாம்.

களிம்பை எண்ணெய்க்குப் போட்டியாக நிறுத்துவது முறையன்று. அது எண்ணெயின் அடுத்த படி. வடித்த மூலிகை எண்ணெய் 100 கிராமுக்குத் தேன்மெழுகு 20 கிராம் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கிக் கலந்தால் போதும். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் களிம்பு டப்பாவுக்குள்ளேயே தளர்ந்துவிடுவதால் கோடையில் மெழுகை 25 கிராமாக்கிக்கொள்கிறேன். சில நாட்டு மருந்துக் கடைகளில் மெழுகென்று தருவது பாரபின் கலந்ததாக இருக்கும் என்பதால், தேனின் மணம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். சூடாக இருக்கும்போதே ஒரு சொட்டைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும். வடியாது, பையில் வைத்தால் கொட்டாது, பூசிய இடத்தில் நிற்கும் என்பன அதன் நற்குணங்கள். உதடு, குதிகால், பாத்திரம் தேய்த்து வறண்ட கை ஆகியவற்றுக்கு அதை மிஞ்சியது இல்லை. பூசிய இடத்தை மூடிவிடும் அதே குணம், வியர்வை தேங்கும் தொடையிடுக்கில் படர்ந்த படர்தாமரைக்குத் தீங்காக முடியும். அங்கே ஈரத்தை அடைத்து வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்குச் சமம். கற்றாழைச் சோற்றை எண்ணெயோடும் மெழுகோடும் அடித்துக் களிம்பாக்கும் செய்முறை ஒன்று இப்போது காணொளிகளில் பெருகியிருக்கிறது. பார்வைக்கு வெண்ணெய்போல் இருக்கும். ஆனால் பதனப்பொருள் இல்லாத நீர் அதில் ஒளிந்திருப்பதால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கற்றாழைக்கு எந்த வடிவமும் வேண்டாம்: மடலை அறுத்துச் சாய்த்து வைத்து, அரிப்பைக் கிளப்பும் மஞ்சள் பால் வடிந்த பிறகு, உள்ளிருக்கும் சோற்றை அப்படியே பூசிவிட வேண்டியதுதான்.

வடிவம் எதுவானாலும் வீட்டில் தொடக் கூடாத சரக்குகள் சில உண்டு. சேராங்கொட்டையும் சித்திரமூலமும் தோலைக் கொப்புளிக்க வைப்பவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கார்போகரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும்; எலுமிச்சைச் சாற்றுக்கும் அந்தக் குணம் ஓரளவு இருப்பதால் அதைப் பூசிய கையோடு வெளியே போகக் கூடாது. பூசைக்கு வாங்கும் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவும் வழக்கம் மிகப் பரவலானது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும் ஆற்றல் உடையது. பாட்டிமார் காலத்திலிருந்து செய்வதுதானே என்ற பதிலை நானும் கேட்டிருக்கிறேன். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பாட்டிமாரின் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதனால்தான் சில தைலங்களில் வீட்டில் செய்வதா, விலைக்கு வாங்குவதா என்ற கேள்விக்கே இடமில்லை என்கிறேன். புண்ணுக்குப் பேர்போன மத்தன் தைலத்தில் ஊமத்தை இலைச் சாறும் மயில்துத்தமும் சேர்கின்றன. முன்னது நஞ்சு, பின்னது செம்பு உப்பு. அளவு தெரியாத கையில் இரண்டும் இருக்கக் கூடாது. அத்தகையவற்றை 1944 முதல் இயங்கும் மருத்துவர் கூட்டுறவு நிறுவனமான இம்காப்ஸ், 1983இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாம்ப்கால் போன்றவற்றின் தயாரிப்பாக வாங்கலாம், அதுவும் சித்த மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. விற்பனைக்கு வரும் சித்த மருந்துக்கு 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். குப்பியின் மேல் உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தன் வீட்டுக்குச் செய்த எண்ணெய் நன்றாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் அக்கம்பக்கத்தில் விற்கத் தொடங்குவோரும் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சரக்கு வாங்குவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. சென்னை இராசப்பச் செட்டித் தெருவில் வரிசையாக உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் ஏறக்குறைய எந்தப் பொடியும் கிடைக்கும். ஆனால் பொடியில் எது கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இலையாகவோ வேராகவோ கிழங்காகவோ வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்கு விரலி மஞ்சள் ஒன்றே போதிய நியாயம்.

ஆகவே, புதிதாகத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். இன்றைக்கு வந்து நாளைக்குப் போகும் வலிக்கும் நமைச்சலுக்கும் பற்றும் ஒற்றடமும் போதும். அவற்றுக்காக எண்ணெய் காய்ச்சி அலமாரியை நிரப்ப வேண்டாம். கசிவு இருந்தால் கழுவுநீர், அதுவும் அன்றன்றைக்கு வைத்தது. மாதக்கணக்கில் தேவைப்படும் வறண்ட தோலுக்கும் மூட்டுக்கும் மட்டும் எண்ணெய். அதை உலர்ந்த இலையில், இளஞ்சூட்டில், 100 மி.லி.க்கு மேற்படாமல் செய்ய வேண்டும். அந்த எண்ணெய் ஒத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகே அதில் பாதியைக் களிம்பாக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறதா என்று அறிய, முன்கையின் உட்புறத்தில் ஒரு சிறு வட்டமாகத் தடவி 2 நாள் பொறுத்துப் பார்த்தால் போதும். சிவந்தாலோ தடித்தாலோ, அது எவ்வளவு உயர்ந்த மூலிகையாயினும் நமக்கு ஆகாது. ஒரு வாரம் பூசியும் படை பரவிக்கொண்டிருந்தால், காய்ச்சல் வந்தால், புண்ணில் சீழ் கட்டினால் குப்பியை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இரவில் ஒருசேர நமைச்சல் எடுத்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். குடும்பம் முழுவதும் ஒரே நாளில் மருந்து போட்டாலொழிய அது போகாது.

குப்பைமேனியை இப்போது முறத்தில் பரப்பி, மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமான நிழலில் உலர்த்துகிறேன். எண்ணெயை வடித்ததும், வெயிலில் காயவைத்த கருநிறக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மூலிகையின் பெயரையும் செய்த நாளையும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டிவிடுகிறேன். விரலை உள்ளே விடாமல் கரண்டிக் காம்பால்தான் எடுக்கிறோம். நூல் ஓராண்டு கொடுத்தாலும் எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆறு மாதமே என் கணக்கு. நாள் கடந்தாலோ சிக்கு வாடை தட்டினாலோ, மீதி எண்ணெய் வாசல் விளக்குக்குப் போய்விடுகிறது. திரி வெடிக்காமல் எரிகிறதா என்று அப்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.